கையிருப்பு எத்தனை? - ஒயர் கூடையும் எட்ஸி கதையும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்டுல அதைவிட அதிகம். இப்போ மறுபடி எழுத உட்கார வைத்தது எங்க மதினி.

மதினின்னா, பெரியப்பா மகனோட மனைவி. பாளையங்கோட்டையில் ஒயர் கூடை பின்னி விற்கிறார். பிளாஸ்டிக் ஒயரில் சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் போட்டு, நம்ம அம்மாக்கள் மார்க்கெட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்களே, அதே கூடைதான். நடுவுல கொஞ்ச வருஷம் கேரி பேக் வந்து அதை விரட்டிடுச்சு. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு மதினிக்கு ஆர்டர் கூடிச்சு. வாட்ஸப்பில் படம் அனுப்பி, ஜிபேயில் காசு வாங்கி, கூரியரில் போட்டுக்கிட்டு இருந்தார்.

நான் பொட்டி தட்டுறவன் என்பதால், டிவி ரிமோட் முதல் கிரைண்டர் வரை எல்லாம் ரிப்பேர் பண்ணத் தெரியும் என்பது சொந்தக்காரங்க நம்பிக்கை. அந்த வரிசையில், "தம்பி, நமக்கும் ஒரு வெப்சைட் போட்டுக் குடுங்களேன்" என்று கேட்டார். அதென்ன பிரமாதம், ரெண்டு நாள் வேலைன்னு வேர்ட்பிரஸ், அது மேலே வூகாமர்ஸ் எல்லாம் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினியைப் பக்கத்தில் உட்கார வைத்து பொருட்களை ஏற்ற ஆரம்பித்தேன். பெயர், விலை, படம் எல்லாம் போட்டாச்சு. அடுத்த கட்டம் கையிருப்பு.

"இதுல என்ன கேக்கான் தம்பி?"

"இந்தக் கூடை எத்தனை இருக்குன்னு கேக்கான் மதினி."

"இந்தக் கூடை ஒண்ணுதான இருக்கு. இந்த மஞ்சள் ஒயர் கட்டு தீந்து போச்சு. அடுத்த கட்டு இதே மஞ்சளா வருமான்னு தெரியாது. ஆனா இதே மாதிரி கேட்டா எத்தன வேணா போடுதேன். அப்ப ஒண்ணுன்னு போடவா, நூறுன்னு போடவா?"

பதினெட்டு வருஷமா மென்பொருள் எழுதுறேன். எனக்கு பதில் தெரியலை. அந்தச் சின்னக் கட்டத்தில் என்ன எண் போடுவதுன்னு தேடப் போய், கைவினைப் பொருளை முகம் தெரியாத ஆளுக்கு விற்பதன் வரலாறு முழுக்க படிக்க வேண்டியதாப் போச்சு. அந்தக் கதைதான் இது. கொசுவத்தி சுத்துறேன், கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க.

முதலில் 250 வருஷம் பின்னாடி

தொட்டுப் பார்க்காமல் ஒரு பொருளை வாங்க வைப்பது இணையத்தோடு வந்த தலைவலி இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷையரில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற குயவர் இருந்தார் (1730 - 1795). சின்ன வயசில் அம்மை வந்து ஒரு கால் பலவீனமாகி, 1768-ல் அந்தக் காலையே எடுக்க வேண்டி வந்தது. மனுஷன் அசரலை. 1769-ல் எட்ரூரியா என்ற ஊரையும் தொழிற்சாலையையும் திறந்தார். லண்டனில் காட்சிக்கூடம் போட்டார். ரஷ்ய அரசி கேத்தரினுக்கு 952 உருப்படிகள் கொண்ட ஒரு விருந்துப் பாத்திர செட் செய்து, அனுப்பும் முன்னாடி 1774-ல் லண்டனில் அதைக் காட்சிக்கு வைத்தார். அதே 1774-ல் தன் வெளிர்மஞ்சள் பாத்திரங்களுக்கு செதுக்குப் படங்களோடு ஒரு கேட்லாக் அச்சடித்தார். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்றும் சொல்லி விற்றார். இன்னைக்கு ஆன்லைன் கடைக்காரங்க பெருமையா சொல்ற 'ரிட்டர்ன் பாலிசி' அப்பவே வந்தாச்சு :-)

ஆனா கேட்லாக் வந்ததும் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. படத்தில் ஒரு தட்டைப் பார்த்து ஒருத்தர் 48 கேட்டால், 48-ம் அந்தப் படம் மாதிரியே இருக்கணும். சக்கரத்தில் ஒரே ஆள் வனையும் தட்டு ஒண்ணு போல ஒண்ணு இருக்காது. வெட்ஜ்வுட் இதற்குக் கண்ட வழி, வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. களிமண் குழைக்க ஒருத்தர், வனைய ஒருத்தர், கைப்பிடி ஒட்ட ஒருத்தர், வண்ணம் தீட்ட ஒருத்தர். எல்லாம் ஒரே மாதிரி வந்தது. அடியில் வெட்ஜ்வுட் என்ற ஒரே பெயர் அழுத்தி முத்திரை விழுந்தது. அந்தத் தட்டைத் தொட்ட மற்ற கைகளின் பெயர் அதில் இல்லை.

இந்த இடத்தை ஞாபகத்தில் வச்சுக்குங்க. கடைசியில் மதினி வீட்டுத் திண்ணையில் இதுக்குத் திரும்பி வருவோம்.

அதுக்கப்புறம் வந்த தபால் வழி வியாபாரம் எல்லாம் இந்த வழியில்தான் போச்சு. ஒரு எண், ஒரு படம், ஒரு விலை, கிடங்கில் இத்தனை உருப்படி. கையிருப்புக் கட்டம் பிறந்த வீடு அந்தக் கிடங்குதான்.

இணையத்தில் கடை

1990-களின் நடுவில் இணையத்தில் கடை போடும் மென்பொருட்கள் வந்தன. பால் கிரஹாமும் ராபர்ட் மோரிஸும் 1995-ல் ஆரம்பித்த வயாவெப் அதில் முன்னோடி. உலாவியிலேயே உட்கார்ந்து உங்க கடையைக் கட்டிக்கலாம். 1998-ல் யாஹூ அதை வாங்கி யாஹூ ஸ்டோர் ஆக்கியது. அதே 1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் ஆக்‌ஷன்வெப் என்ற ஏலத்தளத்தைத் தொடங்கினார். பின்னால் ஈபே ஆனது அதுதான். அதில் ஆரம்பத்தில் விற்றது ஒரு உடைஞ்ச லேசர் பாயின்டர், 14.83 டாலருக்கு. உடைஞ்சதை எதுக்குய்யா வாங்குறேன்னு கேட்டதுக்கு, உடைஞ்ச பாயின்டர்களைச் சேகரிக்கிறேன்னு பதில் வந்ததாம்!

ஈபேயின் உயிர் ஏலத்தில் இருந்தது. பழைய நாணயத்துக்கு என்ன விலைன்னு யாருக்கும் தெரியாது, அதனால் ஏலம் சரி. கூடைக்கு அப்படி இல்லை. எத்தனை கட்டு ஒயர், எத்தனை மணி நேரம்னு பின்னினவங்களுக்குத் தெரியும். ஏலத்தில் விட்டால் கிடைப்பது அடுத்தவன் மனசில் இருக்கும் விலை. ஏலம் இல்லாமல் சொன்ன விலைக்கு உடனே வாங்கும் பொத்தான் ஈபேயில் 2000-ல்தான் வந்தது. அப்பவும் கையால் செய்த பொருள், பழைய செல்போனுக்கும் புது செருப்புக்கும் நடுவில் கிடந்து முழிச்சது.

ஆகமொத்தம் ரெண்டு வழி இருந்தது. ஒண்ணு, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் கிடங்குக் கடை. இன்னொண்ணு, விலை தெரியாத பொருளுக்கான ஏலம். மதினி மாதிரி ஆட்கள் ரெண்டிலும் சேர்த்தி இல்லை.

தச்சு வேலை தெரிந்தவர் கட்டிய தளம்

2005-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ராப் காலின், கிறிஸ் மகுவைர், ஹயிம் ஷாப்பிக் என்ற மூன்று இளைஞர்கள் சின்னச் சின்ன வெப்சைட் வேலைகள் எடுத்துச் செய்துகொண்டிருந்தார்கள். காலினுக்கு தச்சு வேலை தெரியும். மரத்தில் பொருட்கள் செய்து வைத்திருந்தார், அதை இணையத்தில் விற்க உருப்படியான இடம் இல்லைன்னு ஒரு குறை. அந்த நேரத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஒரு வேலை, கெட்கிராஃப்டி என்ற தளத்தை மாற்றி வடிவமைப்பது. தையல், பின்னல், கைவேலை செய்யும் பெண்கள் நிறையப் பேர் கூடிப் பேசும் இடம் அது. வேலைக்காக அவங்க பேசியதை எல்லாம் உட்கார்ந்து படித்தபோது, திரும்பத் திரும்ப ஒரே விஷயம் கண்ணில் பட்டது. செய்யத் தெரிகிறது, விற்கத்தான் இடம் இல்லை. காலினின் சொந்தக் குறையும் அதேதான்.

சில மாதங்களில் கட்டி 2005 ஜூன் 18-ல் திறந்தார்கள். பெயர் எட்ஸி. அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டால், ஃபெலினியின் ஒரு படம் பார்க்கும்போது காதில் விழுந்ததை எழுதி வைத்துக்கொண்டேன், அர்த்தம் இல்லாத ஒரு சொல்தான் வேண்டியிருந்தது என்று காலின் பின்னால் சொல்லியிருக்கிறார்.

என்னை மாதிரி பொட்டி தட்டுறவனுக்கு சுவாரசியமான விஷயம் அந்தத் தளம் எப்படிக் கட்டப்பட்டது என்பதுதான். ஒரு பொருளைப் பட்டியலில் ஏற்ற கொஞ்சம் காசு (பல வருஷம் அது 20 சென்ட்), நாலு மாதம் அது கடையில் இருக்கும், விற்றால் 3.5 சதவீதம் கமிஷன். ஏற்றும் பொருள் 'ஒண்ணே ஒண்ணு' என்பதுதான் அங்கே சாதாரணம். விற்றதும் அது பட்டியலை விட்டுப் போகும். இன்னொண்ணு செய்தால் இன்னொரு 20 சென்ட். கிடங்குக் கணக்கு இல்லை, கைக்கணக்கு.

தேடும் விதமும் வேற மாதிரி. ஜாரெட் டார்பெல் என்ற நிரல் ஓவியர் ஆரம்பத்திலேயே வந்து சேர்ந்தார். ஃபிளாஷில் விளையாட்டு மாதிரி சில பக்கங்கள் செய்தார்கள். ஒரு வண்ணத்தைத் தொட்டால் அந்த வண்ணத்தில் உள்ள பொருட்கள் எல்லாம் மிதந்து வரும். செய்தவர் இருக்கும் ஊரை வரைபடத்தில் வைத்துத் தேடலாம். சந்தையில் நடந்து போகும்போது மஞ்சள் கண்ணில் பட்டு நிற்போம் இல்லையா, அந்த மாதிரி. 'ஆல்கெமி' என்று ஒரு பகுதி இருந்தது. எனக்கு இப்படி ஒண்ணு வேணும்னு வாங்குபவர் எழுதிப் போட்டால், நான் செய்து தர்றேன்னு கைவினைஞர்கள் விலை சொல்வார்கள். அந்தப் பகுதி, ஃபிளாஷ் பக்கங்கள் எல்லாம் பிறகு போயே போச்சு.

நூறு மஞ்சள் கூடை போடத் தெரியும், இப்போ கையில் ஒண்ணுதான் இருக்குன்னு மதினி சொன்னாரே, அதுக்கு ஒரு பதில் அந்த ஆரம்ப கால எட்ஸியில் இருந்தது. செய்து முடித்ததை ஒண்ணு ஒண்ணா ஏற்று. செய்யாததைக் கேட்டு வாங்க வேறொரு கதவு வை.

அதை அப்படியே திருடிட்டேன் :-) மதினி தளத்தில் கையிருப்பு எண்ணை எடுத்துட்டேன். அதுக்குப் பதில் ரெண்டே பகுதி: 'இப்போ இருக்கு', 'சொன்னா போட்டுத் தர்றோம்'. முதல் பகுதியில் கூடை விற்றுவிட்டால் படத்தை எடுப்பதில்லை, 'போயாச்சு' என்று ஒரு வரி மட்டும் விழும். அந்தப் படத்தைக் காட்டி இதே மாதிரி கேட்கலாம். ஒயர் நிறம் கொஞ்சம் மாறும், எத்தனை நாள் ஆகும்னு அங்கேயே எழுதியாச்சு.

அளவிலும் ஒரு கூத்து. கூடை பின்னுறவங்க அளவு சொல்வது ஒயர் கட்டுக் கணக்கில்: ஒரு கட்டுக் கூடை, ஒண்ணரைக் கட்டுக் கூடை, ரெண்டு கட்டுக் கூடை. நான் புத்திசாலித்தனமா அங்குலத்தில் போட்டேன். வாங்குறவங்க ரெண்டும் கேட்கலை. "எத்தனை கிலோ காய்கறி பிடிக்கும்?" இதுதான் கேள்வி. கடைசியில் ஒவ்வொரு கூடைக்குப் பக்கத்திலும் ஒரு முழுத் தேங்காயை வைத்துப் படம் எடுத்தோம். அளவு பற்றிய கேள்வி அதோட நின்னு போச்சு.

வளர்ந்த பிறகு

இனிமேல்தான் கதையில் கசப்பு. எட்ஸி வளர்ந்தது. சும்மா இல்லை, பயங்கரமா வளர்ந்தது. 2006-ல் முதலீட்டாளர்கள் வந்தார்கள். 2008-ல் 2 கோடியே 70 லட்சம் டாலர் முதலீடு வந்தது. காலின் தலைமைப் பதவியை விட்டார், திரும்பி வந்தார், 2011-ல் மொத்தமாக வெளியே போனார். 2014 முடிவில் 14 லட்சம் பேர் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் நடந்த விற்பனை 193 கோடி டாலர். விற்பவர்களில் 86 சதவீதம் பெண்கள் என்று எட்ஸியின் கணக்கெடுப்பு சொன்னது.

இப்போ ஒருத்தி தொப்பி பின்னுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லா இருக்குன்னு பத்து பேர் கேட்கிறார்கள், செய்து கொடுக்கிறாள். ஆயிரம் பேர் கேட்டால்? நாளுக்கு 24 மணி நேரம்தான். ஒண்ணு, முடியாதுன்னு சொல்லணும். இல்லேன்னா ஆள் வைக்கணும். அதுவும் போதாட்டி வெளியில் கொடுத்துச் செய்யணும். எட்ஸியில் நல்லா விற்றவங்க எல்லோரும் இந்த முச்சந்திக்கு வந்து நின்னாங்க. விதிப்படி வெளித் தொழிற்சாலையில் செய்து விற்கக் கூடாது. சிலர் விலகிப் போனாங்க, சிலர் மறைச்சு செய்தாங்க. எங்கிருந்தோ மொத்தமா வாங்கி 'கைவேலை'ன்னு போட்டு விற்கும் புத்திசாலிகளும் நுழைஞ்சாங்க.

2013 அக்டோபரில் எட்ஸி விதியை மாற்றியது. அனுமதி வாங்கிக்கொண்டு வெளியில் கொடுத்துச் செய்யலாம். அப்போ தலைவராக இருந்த சாட் டிக்கர்சன் 'கைவினை' என்பதற்கு மூன்று விஷயங்களை இலக்கணமாகச் சொன்னார்: வடிவம் உன்னுடையதா இருக்கணும், பொறுப்பு உன்னுடையதா இருக்கணும், எப்படிச் செய்தாய் என்பதை ஒளிக்கக் கூடாது. கை என்ற சொல் அந்த மூன்றிலும் இல்லை.

அன்னைக்கு பெரிய சண்டை நடந்தது. கைவினைச் சந்தையின் கதவை ஃபேக்டரிக்குத் திறந்து விட்டுட்டாங்கன்னு பழைய விற்பனையாளர்கள் கொதிச்சாங்க. எனக்கும் முதலில் படிக்கும்போது அப்படித்தான் தோணிச்சு. துரோகம்னு எழுதக் கூட ஆரம்பிச்சேன். பிறகு ஏன் அழிச்சேன்னு கீழே சொல்றேன்.

2015 ஏப்ரல் 16-ல் எட்ஸி பங்குச் சந்தைக்குப் போனது. 16 டாலருக்கு விற்ற பங்கு அன்னைக்கு சாயங்காலம் 30 டாலர். 2017-ல் டிக்கர்சனை மாற்றிவிட்டு ஜாஷ் சில்வர்மன் வந்தார். இந்தப் புது நிர்வாகம் கட்டணத்தைத் தொட்டது. 2018 ஜூலையில் 3.5 சதவீதம் 5 ஆனது. 2019-ல் 35 டாலருக்கு மேல் வாங்கினால் அனுப்பும் செலவை விற்பவரே ஏற்கச் சொல்லி நெருக்கினார்கள். அப்படிச் செய்தால்தான் தேடலில் முன்னால் வரும். 2020-ல் வெளி இடங்களில் எட்ஸியே விளம்பரம் போட்டு, அதன் வழி வந்து விற்றால் 12 அல்லது 15 சதவீதம் கூடுதலாகப் பிடிக்க ஆரம்பித்தது. வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் விற்பவர்கள் இதிலிருந்து விலகவும் முடியாது.

நல்லதும் சொல்லணும் இல்லையா. 2020 ஏப்ரலில், கொரோனா சமயத்தில், முகக்கவசம் எங்கேயும் கிடைக்காதபோது, தையல் தெரிந்தவங்க எல்லாம் தைத்துப் போடுங்கன்னு எட்ஸி கேட்டது. அந்த ஒரே மாதத்தில் அங்கே 1 கோடியே 20 லட்சம் முகக்கவசம் விற்றது. பெரிய பெரிய தொழிற்சாலைகள் முழிச்சுக்கிட்டு இருந்தபோது வீட்டுத் தையல் மெஷின்கள் ஒரு நாட்டுக்கே துணி தைத்தன. பல லட்சம் கைகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் என்ன நடக்கும் என்பதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ரெண்டு வருஷம் கழித்து, 2022 ஏப்ரல் 11 அன்று கமிஷன் 6.5 சதவீதம் ஆனது. அன்றைக்கே ஆயிரக்கணக்கானோர் ஒரு வாரம் கடையை மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். விடுமுறைன்னு ஒரு பொத்தான் அந்தத் தளத்திலேயே உண்டு, அதை அழுத்திட்டு உட்கார்ந்துட்டாங்க. ஆனா மொத்த விற்பனையாளர்கள் 50 லட்சத்துக்கு மேல். ஆயிரக்கணக்கானோர் மூடினாலும் சந்தை மூடலை. 6.5 இறங்கவும் இல்லை.

இதில் யார் கெட்டவன்னு தேடிப் பார்த்தேன். சந்தைக்காரன் தன் இடத்துக்கு வாடகை ஏற்றுகிறான், அது அவன் இடம். ஆனா பதினைந்து வருஷமா ஒருத்தி சேர்த்த வாடிக்கையாளர், நட்சத்திரம், நல்ல பெயர் எல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கு. கடையைக் காலி பண்ணினால் அதெல்லாம் கூட வராது. நம்ம ஊர் பொருட்காட்சியில் ஸ்டால் போடுறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். ஸ்டால்ல ஜனம் வரும், ஆனா ஸ்டால் நம்ம கடை இல்லை.

அதனால் மதினிக்கு சந்தைத் தளங்களில் போடாதீங்கன்னு நான் சொல்லலை. போடுங்க, ஜனம் அங்கேதான் இருக்கு. ஆனா ஒவ்வொரு கூடைக்குள்ளும் நம்ம சொந்தத் தளத்தின் பெயர் போட்ட சீட்டு ஒண்ணு போகணும்னு சொன்னேன். தளத்தின் பெயரும் மதினி பேரிலேயே பதிவு பண்ணியாச்சு, என் பேரில் இல்லை. (இதை நிறைய தம்பிமார் மறந்துடுறாங்க. நாளைக்கு எனக்கும் அண்ணனுக்கும் சண்டை வந்தாலும் கூடைக் கடை நடக்கணும்.)

250 கூடை

தளம் திறந்து மூணாவது மாசம் மதுரையில் இருந்து ஒரு ஆர்டர். கல்யாணத் தாம்பூலத்துக்கு சின்னக் கூடை 250. நாற்பது நாளில் வேணும்.

கணக்குப் போட்டோம். சின்னக் கூடை ஒண்ணுக்கு மதினிக்கு மூணு மணி நேரம். 250 கூடைக்கு 750 மணி நேரம். வீட்டு வேலை போக ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பின்னினால் 188 நாள். அதுக்குள்ள கல்யாணப் பொண்ணு வளைகாப்புக்கே வந்துடுவா.

தெருவில் ஒயர் கூடை தெரிஞ்சவங்க இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க. மதினியோடு சேர்த்து ஆறு. ஆளுக்கு நாலு மணி நேரம்னா 32 நாளில் முடியும். அஞ்சு பேரும் சரின்னு சொல்லிட்டாங்க, அவங்களுக்கும் காசு தேவை. அட்வான்ஸ் வாங்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதான் மதினி போன் பண்ணினார்.

"தம்பி, அந்த முதல் பக்கத்துல ஒரு வரி எழுதிருக்கியள்லா, அத மாத்தணும்."

நான்தான் எழுதினது. 'ஒவ்வொரு கூடையும் என் கையால் பின்னியது.' கேட்க நல்லா இருக்குன்னு எழுதினது.

"பரவால்ல மதினி, அது சும்மா ஒரு வாசகம்தானே. யார் கேக்கப் போறா?"

"கேக்க மாட்டாவ. ஆனா பொய்யில்லா அது."

எட்ஸி 2013-ல் நின்ன அதே முச்சந்தி. துரோகம்னு எழுதினதை அழிச்சது அன்னைக்குத்தான். பெருகும்போது கை கூடத்தான் செய்யும். ஆறு பேருக்கு வேலை கிடைப்பதை நான் எப்படி துரோகம்னு சொல்வேன்? டிக்கர்சன் சொன்ன மூணாவது இலக்கணம், எப்படிச் செய்தாய் என்பதை ஒளிக்காதே என்பது, உண்மையிலேயே நல்ல இலக்கணம்தான். 14 லட்சம் கடையில் அதை யாரும் போய்ப் பார்க்க முடியாது என்பதுதான் பிரச்சினை. ஆறு பேர் இருக்கும் ஒரு தெருவில் பார்க்க முடியும்.

மதினி மதுரைக்காரங்களுக்கு போன் பண்ணி, நான் மட்டும் இல்லை, ஆறு பேர் போடுவோம், முடிச்சில் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், சம்மதமான்னு கேட்டார். "தாம்பூலத்துக்குத் தானேக்கா, யார் போட்டா என்ன, நேரத்துக்கு வந்தா போதும்" என்று பதில். சொல்லலேன்னாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனாலும் மதினி சொன்னார்.

தளத்தில் வரியை மாற்றினோம். 'எங்கள் தெருவில் ஆறு பேர் பின்னுகிறோம்' என்று போட்டு, கூடைக்குள் போகும் சீட்டில் பின்னினவர் பெயரை எழுதும்படி ஏற்பாடு. வெட்ஜ்வுட் தட்டின் அடியில் இல்லாமல் போன பெயர்கள் நினைவில் ஓடின, அதனால் இந்த யோசனையை நான்தான் கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். அஞ்சு பேர் சரின்னாங்க. ஒருத்தர் மட்டும் பெயர் போட வேண்டாம்னுட்டார். ஒயர் பின்னுறது அவங்க மாமியார் வீட்டுல யாருக்கும் தெரியாதாம்.

"அப்ப உங்க கூடைய எப்படிக்கா கண்டுபிடிக்க?" என்று கேட்டேன்.

"அடியில ஒரு முடிச்சு மட்டும் செவப்புல போட்டுக்கிடுதேன் தம்பி. எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

250 கூடையும் 37-ஆவது நாள் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் நாற்பத்தி இரண்டில் அடியில் ஒரு சிவப்பு முடிச்சு இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன்.

டிஸ்கி: சொந்தக்காரங்களுக்கு வெப்சைட் போட்டுக் கொடுக்கும் பொட்டி தட்டுற மக்களே, ஓசியில் செய்தாலும் ஒரு கூடையாவது வாங்கிக்குங்க. எனக்கு ரெண்டு கட்டுக் கூடை, பச்சையும் மஞ்சளும். இப்போ அதில்தான் லேப்டாப் தூக்கிட்டு ஆபீஸ் போறேன். செக்யூரிட்டி ஒரு மாதிரி பார்க்கிறார் :-)